பூணூல் தோள் மாறிய கதை

மார்கழி மாதம் ஒரு காலையில் மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். “பாருடா, உன்ன மாதிரியே ஒருத்தன் எடுத்திருக்கான்” என்று கீழே ஒரு வரி. திறந்து பார்த்தேன். என்னை மாதிரி எல்லாம் இல்லை, நான் எடுத்ததேதான்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சோறு போடுவது கல்யாண வீடியோ. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் சும்மா உட்கார முடியாமல், சுற்றுவட்டாரக் கைத்தொழில்களைப் படம் பிடித்து யூடியூபில் போடுவேன். அப்படி எடுத்ததுதான் நரசிங்கம்பேட்டை நாயனம், அதாவது நாதஸ்வரம். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பேசினார்கள். பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம். நான்கு நாள் போனேன். இடித்த பழைய வீட்டிலிருந்து வந்த ஆச்சா மரத்தை ஆச்சாரி விரலால் தட்டிப் பார்ப்பது, கடைசலில் மரம் உருண்டையாவது, விரலுக்கு ஏழு துளை, கீழே சுதி சேர்க்கும் பிரம்மசுரத்துக்கு ஐந்து, கடைசியில் அடியில் மணி போல் விரியும் அணசை மாட்டி, ஊதுகிற சீவாளியை நாக்கில் நனைத்து ஊதிப் பார்ப்பது. எல்லாம் சேர்த்து 22 நிமிஷம்.

மாமா அனுப்பியது 58 வினாடி. படுக்கைவாட்டில் இருந்த படத்தை செல்போனுக்கு ஏற்ற மாதிரி நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தார்கள். கடைசல் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ டமடம இசை. கீழ் மூலையில் நான் போட்டிருந்த ஆச்சாரியின் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றும் வெட்டோடு போய்விட்டன. இதையெல்லாம் விட உறுத்தியது வேறு ஒன்று. ஆச்சாரி இடது கையால் பென்சில் பிடித்துத் துளைக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் பக்கத்தில் இருந்தவன் நான், அவர் வலது கைக்காரர். உற்றுப் பார்த்தால் மார்பில் பூணூல் வலது தோளிலிருந்து இறங்குகிறது. திதி கொடுக்கும்போதுதான் அப்படி மாற்றிப் போடுவார்கள். சுவரில் தினசரிக் காலண்டரில் எண்கள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நிற்கின்றன. படத்தை இடவலம் புரட்டிவிட்டார்கள். திருட்டுப் பிரதி தேடும் மெஷின் கண்ணில் மண்ணைத் தூவ இது பழைய வித்தை.

அந்த மார்கழி முழுக்க இதே வேலையாகப் போயிற்று. யூடியூபிலேயே, திருட்டுப் பிரதிகளைத் தானாகத் தேடிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் முழுசாகவோ முக்கால்வாசியோ அப்படியே தூக்கிப் போட்டதைத்தான் பிடிக்கும். 22 நிமிஷத்தில் 58 வினாடியைக் கிள்ளி எடுத்தவன் தப்பிவிடுவான். கண்டென்ட் ஐடி என்கிற பெரிய வலை பட நிறுவனங்களுக்கும் பாட்டுக் கம்பெனிகளுக்கும்தான். என் போன்ற ஆளுக்கு இல்லை.

ஆக, கையால் தேட வேண்டியதுதான். ஒரு ஃப்ரேமை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். ஆச்சாரி முகம் தெரிகிற ஃப்ரேமைக் கொடுத்தால் உலகத்தில் உள்ள வெள்ளைத் தாடிப் பெரியவர்களெல்லாம் வருகிறார்கள். மரச்சுருள் பறக்கும் ஃப்ரேமுக்குத் தச்சுப் பட்டறைகள் வந்தன. பலன் கொடுத்தது, அரைகுறையாகத் துளை போட்ட நாயனம் சணல் சாக்கின் மேல் குறுக்கே கிடக்கும் ஒரே ஒரு ஃப்ரேம். அதையும் நானே இடவலம் புரட்டிவிட்டுத் தேடியபோதுதான் மடமடவென்று கொட்டியது. யாண்டெக்ஸ் என்ற ரஷ்யத் தேடுபொறியில் இன்னும் இரண்டு கிடைத்தன. செய்தியாளர்கள் பொய்ச்செய்தி பிடிக்கப் பயன்படுத்தும் இன்விட் என்ற கருவி வீடியோவைத் தானே ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்துக் கொடுக்கும். அதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

வார்த்தையால் தேடுவதிலும் ஒரு பாடம். ‘நாதஸ்வரம்’ என்று தேடி ஒன்றும் வரவில்லை. திருடியவனுக்கு அது என்ன வாத்தியம் என்றே தெரியாதே! ஆங்கிலத்தில் ‘பழங்கால மரக்குழல்’ என்று ஒருவர் போட்டிருந்தார். இன்னொருவர் இந்தியில் ‘பனாரஸ் ஷெனாய்’ என்று தலைப்பு வைத்திருந்தார். காவிரிக்கரை ஆச்சாரியைக் கங்கைக்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்த புண்ணியவான்.

மொத்தம் 11 இடம். ஒவ்வொன்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எக்செலில் ஏற்றினேன். புகார் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும். விஷயம் தெரிந்ததும் சிலர் பக்கத்தையே அழித்துவிடுவார்கள், அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது கணக்கிலேயே வராது. அதைத் தேட வழியும் கிடையாது. இரண்டு நிமிஷத்தை மட்டும் எடுத்து, பெயரும் சுட்டியும் போட்டு, பிள்ளைகளுக்கு வாத்தியத்தின் உறுப்புகளைச் சொல்லிக் கொடுத்திருந்த ஒரு நாயன ஆசிரியரை விட்டுவிட்டேன். பாக்கி பத்து.

யூடியூபில் படிவம் நிரப்பும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுக்க வேண்டும், நம் பெயர் எதிராளிக்குப் போகும். உடனே நீக்கச் சொல்லலாம், அல்லது ஏழு நாள் அவகாசம் கொடுக்கலாம். உடனே நீக்கினால் அவர் சேனலில் ஸ்டிரைக் என்கிற ஒரு கரும்புள்ளி விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். பாவம் பார்த்து எல்லோருக்கும் ஏழு நாள் கொடுத்தேன். பெரும்பாலோர் வாய் திறக்காமல் எடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், நாள் முடிந்து வீடியோ நீக்கப்பட்ட பிறகு, ‘இது நான் எடுத்தது’ என்று மறுப்பு கொடுத்தார். அப்படிக் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் நான் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். 58 வினாடிக்காக நான் எந்த ஊர்க் கோர்ட்டில் போய் நிற்பது? பதினோராம் நாள் அவர் வீடியோ திரும்ப வந்துவிட்டது. இன்றைக்கும் இருக்கிறது. அதில் பூணூல் வலது தோளில்தான்.

இந்தத் தேடலில் சம்பந்தமில்லாமல் இன்னொன்றும் சிக்கியது. நான் எடுத்த ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சி, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஏதோ விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தோடு படிவத்தைத் திறந்தேன். தெரிந்த வக்கீல் தடுத்தார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17-ன்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவர்தான் முதல் உரிமையாளராம். பதினைந்து வருஷமாக ‘என் வீடியோ, என் வீடியோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் வாடிக்கையாளருடையது! பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, “உங்க கிட்டேருந்துதானே போயிருக்கும்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை, மாதிரிக்காக என் பக்கத்தில் நான் போட்டிருந்த துண்டுதான் அது. புகார் அவர் பெயரில் போயிற்று. இப்போதெல்லாம் அட்வான்ஸ் வாங்கும்போதே, எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

தை பிறந்து முகூர்த்த நெருக்கடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். கோர்ட் பயம் காட்டித் தப்பித்த அந்த வீடியோவை ஆச்சாரிக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர், “என்னய்யா இது, யாருக்குத் திதி குடுக்குறேன் நான்?” என்றார். மருமகள் உள்ளேயிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஒன்பதை நீக்கிவிட்ட கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அந்த பனாரஸுன்னு போட்டிருந்ததையுமா தூக்கிட்டீங்க?”

“ஆமாம்.”

“அடடா. அதுக்குக் கீழ யாரோ ஒரு புண்ணியவான், இது நரசிங்கம்பேட்டைன்னு எழுதியிருந்தாராம். அதப் பாத்துட்டு ஒருத்தர் விசாரிச்சுட்டு வந்து ரெண்டு பாரி நாயனம், அந்த நீளமானது, செய்யச் சொல்லிட்டுப் போனாரே தம்பி.”

என் வீடியோவைப் பார்த்து இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவரே டீ சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கடைசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓரத்துல போட்டா வெட்டிடுறான். நம்பர இந்தச் சுவத்துலயே பெயிண்ட்ல எழுதிட்டா? எனக்குப் பின்னாடி, நடுவுல.”

“திருப்பிப் போட்டா எழுத்தும் திரும்பிடுமே, படிக்க முடியாது.”

“அதுக்கென்ன? நேரா ஒரு தடவ எழுதுவோம், திருப்பி ஒரு தடவ எழுதுவோம். ஆம்புலன்ஸ்ல எழுதியிருக்கான்ல.”

அடுத்த வாரமே ஆள் வைத்து எழுதிவிட்டார்.