புல்வெட்டி கட்டர் பார்: சாணைக்கு முன் பார்த்த வேலைகள்

வண்டி, நடந்துகொண்டே ஓட்டும் பெட்ரோல் புல்வெட்டி. முன்பக்கம் சுமார் 90 செ.மீ. கட்டர் பார், அதாவது புல்லை வெட்டும் பட்டை, அதில் 3 அங்குல முக்கோண பிளேடு 12. இடம் கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்பு. தென்னை நிழலிலும் நன்றாக வரும் கினியா தீவனப் புல், மணல் கலந்த மண்.

குறை இதுதான்: புல் வெட்டுப்படாமல் மடங்கிப் படுக்க, பார் அதன் மேலேயே ஏறிப் போனது. வெட்டுப்பட்ட தாளிலும் நுனி நார் நாராகக் கிழிந்திருந்தது. வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டாத கோடு. ஓட ஓட ‘டக் டக்’ என்று சத்தம்.

இந்த நிலைமையில் பலரும் உடனே பிளேடைச் சாணைக்குக் கொண்டுபோவார்கள். அது கடைசி வேலை. மேலே ஓடும் பிளேடும், கார்டு என்கிற விரலுக்குள் அசையாமல் இருக்கும் அடித்தகடும் சேர்ந்துதான் புல்லை வெட்டுகின்றன. கத்தரிக்கோலின் திருகு தளர்ந்துவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் துணி இடையில் மடியும் அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும்.

முதல் நாள்: ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி ஓரமாகக் கட்டியாயிற்று. இதைச் செய்யாமல் பாரில் கை வைக்கவே கூடாது. கத்தியை (பிளேடுகள் வரிசையாக ரிவெட் அடித்த தண்டை) கையால் நகர்த்தினால் இன்ஜினும் சுற்றும், சில நேரம் பிடித்தும் கொள்ளும். கத்தித் தண்டை உருவி மண்ணெண்ணெயில் கழுவினதும் நோய் தெரிந்தது. 3 பிளேடில் முனை உடைந்திருக்கிறது, ஒன்றில் ரிவெட் ஆடுகிறது. வலது ஓரத்து இரண்டு கார்டுகளில் அடித்தகட்டின் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டது. கத்தி மேலே எழும்பாமல் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் தென்னை நாரும் மணலும் அப்பிக் கிடந்தன. தோப்பில் ஓட்டுகிறவர்கள் கொதும்பு (காய்ந்த பாளை), மட்டை, குரும்பை எல்லாவற்றையும் முதலில் பொறுக்கிவிட வேண்டும். கல் பட்டால் பிளேடு உடையும், சத்தம் கேட்டு நிறுத்திவிடலாம். நார் சுற்றினால் கிளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாம் நாள்: சத்தத்துக்குக் காரணம், கத்தியை இருபக்கமும் இழுத்துத் தள்ளும் இணைப்புத் தண்டின் புஷ் (பின் நுழையும் உலோக வளையம்). கத்தியின் தலையைப் பிடித்து ஆட்டினால் 2 மி.மீ. ஆட்டம். இதை விட்டுவிட்டு வேறு எதைச் சரி செய்தாலும் வீண். புஷ் ஆடுகிற 2 மி.மீ. அளவுக்குக் கத்தியின் ஓட்டமும் குறையும். பழைய புஷ்ஷையும் பின்னையும் சேர்த்தே லேத்து பட்டறைக்குக் கொண்டுபோய் வெண்கலத்தில் புதிது கடைந்தாயிற்று. பின்னை விட்டுவிட்டுப் புஷ்ஷை மட்டும் கொண்டுபோனால் அளவு தப்பும், பின்னும் ஒரு பக்கம் தேய்ந்துதான் இருக்கும்.

பிளேடு மாற்றுவதற்கு ரிவெட் தலையைத் துளைக்க வேண்டியதில்லை. கத்தித் தண்டை வைஸில், பிளேடின் பின்விளிம்பு மேலே தெரியும்படி இறுக்கி, அந்த விளிம்பில் கனமான சுத்தியலால் நேராக ஓர் அடி. ரிவெட் இரண்டும் கத்தரித்துக்கொண்டு போகும். மிச்சத்தைப் பஞ்ச் வைத்துத் தட்டினால் விழுந்துவிடும். புது ரிவெட் மென்மையான இரும்பாக இருக்க வேண்டும், அலுமினியம் நிற்காது. 5 மி.மீ. ரிவெட் என்றால் ஓட்டைக்கு வெளியே 6–7 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் உருண்டைத் தலை அமையும். அடியில் அடைகல் (தாங்கும் இரும்புக் கட்டை) இல்லாமல் அடித்தால் தலை மட்டும் நசுங்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. அந்தப் பிளேடு மறுபடி ஆடும்.

மூன்றாம் நாள் முழுக்கக் கார்டுக்கே போனது. மழுங்கிய இரண்டையும் மாற்றிவிட்டு, கொத்தனார் பிடிப்பதுபோல இரண்டு ஓரத்துக்கும் நூல் இழுத்துக் கட்டி, அடித்தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நூலைத் தொடுகிறதா என்று பார்த்தது. வலது பக்கம் மூன்று தாழ்ந்திருந்தன. வெட்டாத கோடு அங்கேதான் விழுந்தது. தாழ்ந்த கார்டின் அடியில் சிறு அடிகளாகத் தட்டி ஏற்ற வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் நூலைப் பார்க்க வேண்டும். ஒரே அடியில் நிமிர்த்த நினைத்தால் கார்டு உடைந்துபோகும்.

அடுத்தது கிளிப். பிளேடின் முனை அடித்தகட்டில் படிந்திருக்க வேண்டும். கிளிப்புக்கும் பிளேடுக்கும் இடையில் அரை மி.மீ. இருந்தால் போதும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் அஞ்சலட்டையை இரண்டாக மடித்து நுழைத்துப் பார்க்கலாம். இடைவெளி கூடினால் புல் இடையில் மடிந்து நார் கிழியும்; குறைந்தால் கத்தி சூடேறித் தேயும். கத்தியை உருவிவிட்டுக் கிளிப்பைத் தட்டவும், மறுபடி செருகிப் பார்க்கவும். எல்லாம் சரியானால் கத்தி கையால் தள்ளியதும் தடங்கல் இல்லாமல் ஓடும்.

பிறகு ஓட்டத்தின் மையம். புல்லியை (பெல்ட் சக்கரத்தை) கையால் சுற்றி, கத்தி ஒரு கோடியில் நிற்கும்போது பிளேடின் நடு, கார்டின் நடுவுக்கு நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மறு கோடியிலும் அப்படியே. இங்கே இடது பக்கம் 4 மி.மீ. தாண்டியது, வலது பக்கம் அதே அளவு எட்டவில்லை. இணைப்புத் தண்டின் மரையைத் திருகி நீளத்தை மாற்றியதும் இரு பக்கமும் ஒத்து வந்தது. அந்த மரை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை மறக்காமல் இறுக்கவும், அது தளர்ந்தால் ஒரு மணி நேரத்தில் பழைய கதைதான்.

சாணை இப்போதுதான். மேல்பக்கச் சரிவின் கோணம் மாறாமல், லேசாக, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று என்று அர்த்தம். அடிப்பக்கத்தில் எழும் பிசிறைத் தட்டைக் கல்லில் படுக்க வைத்து ஒரு தடவை இழுத்தால் போதும், சாய்க்கக் கூடாது. விளிம்பில் பல் வெட்டிய வகைப் பிளேடைச் சாணை பிடிக்கவே வேண்டாம், தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

சோதனைக்கு, இன்ஜினை ஓட்டாமல், ஒவ்வொரு கார்டிலும் ஒரு கினியா இலையை வைத்துப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தது. ஒன்பதாவது பிளேடு மட்டும் இலையை மடக்கியது. அதன் கிளிப்பை இன்னும் ஒரு தட்டு. பிறகு தோப்பில் 10 செ.மீ. உயரம் விட்டு வெட்டியதில் தாள் சீராக நின்றது, ஓரக் கோடு இல்லை. உயரத்தை இதற்குக் கீழே இறக்கினால் மணல் ஏறி அடித்தகட்டைத் தின்னும், புல்லும் தழைக்கத் தாமதமாகும்.

உப்புக்காற்று அடிக்கிற ஊர் என்பதால், வேலை முடிந்த அன்றே கத்தியை உருவிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவித் தொங்கவிடுகிறோம். புல் சாறு காய்ந்த இடத்தில் மறுநாளே துரு பூக்கிறது. மறுபடி பூட்டும்போது எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, முதல் சில அடிப் புல்லை மாட்டுக்குப் போடாமல் ஒதுக்கவும்.