156-ஆ, 180-ஆ?

பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினை எழுதிவிட்டு வெளியே வரும்போது கையில் ஒன்றுமே இருக்காது. கேள்வி முழுக்க கம்ப்யூட்டர் திரையில். கணக்குப் போட்ட ரஃப் ஷீட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பொதுத்தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளை விரித்து வைத்து மார்க் கூட்டிப் பழகிய நமக்கு இது பெரிய இம்சை. எல்லாமே ஞாபகத்திலிருந்துதான்.

நான் எழுதியது 2025 ஜனவரி, மதியம் மூன்றிலிருந்து ஆறு வரைக்குமான ஷிஃப்ட். அந்த வருடத்திலிருந்துதான் நியூமெரிக்கலில் (ஆப்ஷன் இல்லாமல் விடையை எண்ணாகவே டைப் செய்யும் கேள்விகள்) சாய்ஸை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பத்தில் ஐந்து எழுதினால் போதும். இப்போது ஒரு பாடத்துக்கு 25 கேள்வி, அத்தனையும் கட்டாயம். சரியென்றால் 4, தப்பென்றால் ஒன்று போகும், நியூமெரிக்கலுக்கும் சேர்த்து. கெமிஸ்ட்ரியைச் சீக்கிரம் முடித்து மிச்ச நேரத்தையெல்லாம் மேத்ஸில் கொட்டினேன். அப்படியும் போதவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும் ஆரம்பித்தது. "அந்த நாலு இலக்க எண் கணக்குக்கு என்னடா போட்ட?" "மூணாவது ஆப்ஷன்." இந்தப் பதிலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆளுக்கு ஆள் கேள்வி வரிசையும் ஆப்ஷன் வரிசையும் மாறும். விடையை எண்ணாகச் சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

கேள்வியை எண் பிசகாமல் சொல்ல முடியாது, ஆனால் இந்த வகைதான்: 0 முதல் 5 வரை உள்ள இலக்கங்களை வைத்து, எதுவும் திரும்ப வராமல், எத்தனை நான்கு இலக்க இரட்டை எண்கள் அமைக்கலாம்? அங்கிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 180 என்றார்கள். கடைசி இடத்துக்கு மூன்று வழி, மற்ற மூன்று இடத்துக்கு 5, 4, 3. பெருக்கினால் 180, ஆப்ஷனிலும் இருக்கிறது, பிறகென்ன! எனக்கு வந்தது 156. "நாங்க இத்தனை பேரும் தப்பா மச்சி?" என்று ஒருத்தன் சண்டைக்கே வந்துவிட்டான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். 180-இல் முதல் இடத்தில் பூஜ்யம் வருகிற எண்களும் சேர்ந்துவிட்டன. முதலில் 0, கடைசியில் 2 அல்லது 4, நடுவில் நான்கு, மூன்று வழி, ஆக 24. கழித்தால் 156. கேள்வி எடுப்பவர்கள் எங்கே சறுக்குவோம் என்று தெரிந்துதான் அந்த 180-ஐயும் ஆப்ஷனில் வைக்கிறார்கள். விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது.

அன்று ராத்திரியே டெலிகிராமில் பிடிஎஃப்கள் பறந்தன. மாணவர்கள் ஞாபகத்தில் சொன்னதை வைத்து கோச்சிங் சென்டர்கள் தயாரித்தவை. ஒரே கேள்விக்கு ஒன்றில் கூட்டல் குறி, இன்னொன்றில் கழித்தல் குறி, விடையும் அதற்கேற்றபடி. இரண்டைப் பார்த்ததோடு மூடிவிட்டேன். காலை ஷிஃப்ட் எழுதிய அத்தை பையன் வேறு போன் போட்டு மார்க் கேட்டான். அவன் கேள்விகளே வேறு, அவனோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது? பெர்சென்டைலை (நம் மார்க்கோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) அந்தந்த ஷிஃப்டுக்குள் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரே மார்க்குக்கு இரண்டு ஷிஃப்டில் இரண்டு பெர்சென்டைல் வரும்.

தற்காலிக ஆன்சர் கீயும், நாம் குறித்த விடைகள் பதிவான ரெஸ்பான்ஸ் ஷீட்டும் வந்த பிறகுதான் உண்மை தெரியும். அதையும் பார்த்தவுடன் படித்துவிட முடியாது. ரெஸ்பான்ஸ் ஷீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நீளமான ஐடி, நான்கு ஆப்ஷனுக்கும் தனித்தனி ஐடி, கீழே நாம் தேர்ந்தெடுத்தது 1, 2, 3, 4-இல் எது என்று இருக்கும். ஆன்சர் கீயில் கேள்வி ஐடிக்கு நேராகச் சரியான ஆப்ஷனின் ஐடி மட்டும். அக்கா ஐடியின் கடைசி இலக்கங்களைப் படிக்க, நான் ஸ்கேல் வைத்துத் தேடித்தேடி டிக் அடித்தேன். பிடிஎஃப்பை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் லிங்க் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கீயில் தப்பு என்று தோன்றினால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். பணம் திரும்ப வராது. எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் ஒரு இன்டக்ரல் (தொகையீடு) கணக்கை எதிர்த்துக் கட்டலாம் என்று பேச்சு வந்தது. காரணம் கேட்டால், "நம்ம எல்லாருக்கும் இதுதானே வந்துச்சு?" ஆட்சேபத்துக்கு அது போதாது. ஆளுக்கொரு பேப்பரில் முழுசாகப் போட்டுப் பார்ப்போம் என்றேன். நடுவில் குறி மாறுகிற மாடுலஸை (மைனஸை நீக்கி அளவை மட்டும் எடுப்பது) ஒரே துண்டாக இன்டக்ரேட் செய்திருந்தார்கள். உடைத்துப் போட்டதும் கீயில் இருந்த விடையே வந்தது. பணம் கட்டவில்லை.

ஜனவரி, ஏப்ரல் என்று நடக்கும் இரண்டு செஷனில் எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள். அந்தத் தைரியத்தில் ஏப்ரலுக்கும் எல்லோரும் விண்ணப்பித்தோம்.