ஹாம்ப்டன் ரோட்ஸ், மார்ச் 1862
அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 8 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற நீர்ப்பரப்பில், தென்மாநிலங்களின் கவசக் கப்பலான 'வர்ஜீனியா', வடக்கின் 'கம்பர்லேண்ட்' என்ற மரக்கப்பலை முட்டி மூழ்கடித்தது. முட்டிய வேகத்தில் வர்ஜீனியாவின் இரும்பு மூக்கே முறிந்துபோனது. 'காங்கிரஸ்' என்ற இன்னொரு மரக்கப்பல் தீக்கிரையானது.

மறுநாள் எதிர்த்து நின்ற வடக்கின் கவசக் கப்பலான 'மானிட்டர்' ஜான் எரிக்சன் வடிவமைத்தது. நீர்மட்டத்தை ஒட்டிக் கிடந்த அதன் தளத்தின்மேல், எட்டு அடுக்கு ஓரங்குல இரும்புத் தகடுகளாலான உருளைக் கூண்டு, இரண்டு பீரங்கிகளைத் தாங்கி நீராவி விசையில் சுழன்றது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் நெருங்கி நின்று சுட்டும் இரண்டில் எதுவும் மூழ்கவில்லை.

இதைக் கவசத்தின் வெற்றி என்றே பலரும் எழுதுகிறார்கள். பாதிக் காரணம் வெடிமருந்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். மானிட்டரின் பீரங்கிகளில் 15 பவுண்டு மருந்துக்கு மேல் இடக்கூடாது என்பது கட்டளை. வர்ஜீனியாவோ மரக்கப்பல்களை எதிர்பார்த்து வந்ததால், கவசத்தைத் துளைக்கும் குண்டுகளைக் கொண்டுவரவில்லை. ஆனாலும், சுக்கான் அறையின் பார்வைப் பிளவருகே வெடித்த ஒரு குண்டு, மானிட்டரின் தலைவர் வோர்டனின் கண்களைத் தாக்கியது.

அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, ஹாட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மானிட்டர் மூழ்கியது. கடலடியில் தலைகீழாகக் கிடந்த அந்த உருளைக் கூண்டை 2002இல் வெளியே எடுத்தார்கள்.