ஆறாவது பிள்ளை எங்கே?

மே 4

இன்று கத்திரி தொடக்கமாம். வேலூரில் இருப்பவர்களுக்கு இதைக் காலண்டர் வந்து சொல்ல வேண்டுமா? வார்டு ஜன்னல் கம்பியைக் காலை பத்து மணிக்கே தொட முடியவில்லை. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது.

மே 5

இரவு இருவருக்கும் தூக்கம் இல்லை. கைப்பேசியில் ஒரு சீனப் படம் போட்டேன். 1984இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனி வெளியிட்ட ‘எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்’. கம்புச் சண்டை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

யாங் என்று ஒரு போர்க்குடும்பம். தகப்பனும் ஏழு பிள்ளைகளும் களத்துக்குப் போகிறார்கள். சொந்தத் தளபதி ஒருவனே பொறாமையால் அவர்களைப் பகைவனிடம் காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் தப்பி வருபவர்கள் ஐந்தாமவனும் ஆறாமவனும்தான். ஆறாமவன் புத்தி பேதலித்து வீடு வந்து சேர்கிறான். ஐந்தாமவன் மலைமேல் ஒரு புத்த மடத்தைத் தேடிப் போகிறான். அப்புறம் அவன் கதைதான்.

அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் மெல்லிய குரலில் தமிழாக்கிச் சொன்னேன். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை. படம் முடிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். வாய் ஒரு பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆறு நாளில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம்:

“ஆறாவது பிள்ளை எங்கே?”

மே 6

அவர் கேட்டது சரி. ஆறாமவன் பாதிப் படத்துக்குப் பிறகு வரவே இல்லை. நான் கவனிக்கவில்லை. வீட்டாரையே பகைவர் என்று நினைத்து ஈட்டியோடு பாய்கிறான், அலறுகிறான், அத்தனை பேரின் கோபத்தையும் ஒருவனே சுமப்பது போல ஆடுகிறான். பிறகு ஆளைக் காணோம். அண்ணனைத் தேடி மடத்துக்குப் போவது எட்டாவது பிள்ளையான தங்கைதான்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். அந்த வேடத்தில் நடித்தவர் அலெக்சாண்டர் ஃபூ ஷெங். படப்பிடிப்பு பாதியில் இருக்கும்போது, 1983 ஜூலை 7 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். வயது 28. எடுத்தவரைக்கும் வைத்துக்கொண்டு கதையை மாற்றி முடித்திருக்கிறார்கள்.

இதை இந்தக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? மதியம் மறுபடியும் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். என்ன பதில் அது! எந்த ஊருக்கு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மே 7

அம்மா போன் செய்தாள். ஊரில் பாரதக் கூத்துத் திருவிழாவுக்குக் கொடி ஏற்றிவிட்டார்கள். சித்தப்பாவைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 9

பயிற்சி கொடுக்கும் பெண் இன்று அப்பாவின் இரண்டு கைகளிலும் ஒரு கழியைக் கொடுத்தாள். வழவழப்பான வெள்ளைக் கழி. மூன்றடி இருக்கும். இரு கைகளாலும் பிடித்து மார்புக்கு நேராகத் தூக்க வேண்டும். இடது கை வலது கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது கணக்கு.

நாற்பது ஆண்டுகள் ஊர்ப் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கழியை ஒரு பார்வை பார்த்தார், பந்தியில் ஊசிப்போன சாம்பாரைப் பார்ப்பது போல. கம்பு என்றால் ஆடுபவனின் நெற்றிக்கு வர வேண்டும். அவள் அவருடைய வலது கட்டைவிரலைக் கழியின்மேல் வைத்து இறுக்கினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். இறுக்கக் கூடாது. உள்ளங்கைக்குள் எலி ஓடுவது போலக் கம்பு ஓட வேண்டும் என்பார். ஆறு வயதில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்.

அவளுக்கு இது எப்படித் தெரியும், பாவம். அவர் விரலை அவரே தளர்த்த முயன்றார். முடியவில்லை. கட்டைவிரல் மட்டும் ஒருமுறை துடித்தது. நெற்றியில் வியர்வை பொடித்துவிட்டது. நான் தண்ணீர் பிடிக்கப் போவது போல வெளியே வந்து நின்றேன்.

மே 10

பக்கத்துக் கட்டில்காரர் வங்காளத்திலிருந்து வந்தவர். காட்பாடி வரைக்கும் ரயிலில் இரண்டு இரவுப் பயணமாம். மகனுக்குப் பதினாறு வயது இருக்கும். காந்தி ரோட்டில் லாட்ஜ் எடுத்திருக்கிறார்கள். அங்கே பலகைகளில் தமிழைவிட வங்காளம்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

இரவு படம் போட்டதும் அந்தப் பையன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. ஐந்தாமவன் மடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் தானே தலையை மழித்துக்கொண்டு, ஊதுவத்தியால் தலையில் சூடு வைத்துக்கொள்கிறான். பையன் நாக்கைச் சப்புக்கொட்டினான். அப்பாவும் அதே நேரத்தில் சப்புக்கொட்டினார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மே 11

நாள் முழுக்க எரிச்சல்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. எட்டு மணி நேர மோட்டார் முறை. உனக்கு ஒருநாள், எனக்கு ஒருநாள். 1999இல் யாரோ யாருடைய முறையிலோ வால்வைத் திருப்பிவிட்டார்கள். யார் திருப்பியது என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் கிணறு இப்போது வறண்டே கிடக்கிறது. வேப்பங்கன்று ஒன்று சுவரிலிருந்து முளைத்து நிற்கிறது. பகை மட்டும் ஊற்று அடைபடாமல் இருக்கிறது.

சீனாக்காரனுக்காவது தகப்பனும் உடன்பிறந்தவர்களும் செத்த பகை. துரியோதனனுக்காவது அஸ்தினாபுரம். நமக்கு என்ன? மூன்று அங்குலக் குழாய்.

அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். கோபம் வருகிறது. அவர் முகத்தைப் பார்த்தால் அதுவும் நிற்பதில்லை.

மே 13

மாலையில் ஒரு மணி நேரம் வெளியே போனேன். கோட்டை அகழியில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய கேலி ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆக மூன்றில் ஒன்று தீர்ந்தது. பாலாறு அப்படியேதான்.

மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இருந்தது. கால் கிலோ வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் நினைவு வந்தது, சமைக்க இடமில்லை. காம்பு முள் விரலில் குத்தியதுதான் மிச்சம். பையோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

மே 14

நான்காவது முறை. இப்போது அப்பா படத்தைப் பார்ப்பதில்லை, பாடம் எடுக்கிறார். சொற்கள் குழறினாலும் எனக்குப் புரிகிறது.

ஐந்தாமவன் தன் ஈட்டியின் முனையை வெட்டிவிட்டு அதைக் கம்பாக்கிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இரும்பு போய்விட்டால் எடை பின்பக்கம் வந்துவிடும், பிடியை மாற்றியிருக்கிறானா பார் என்றார். பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. திருப்தியாகக் கண்ணை மூடித் திறந்தார்.

சண்டை அமைத்து இயக்கியவர் லாவ் கா லியுங். தகப்பனிடம் வித்தை கற்றவர். அந்தத் தகப்பனுடைய வாத்தியார் லாம் சாய் விங். அவருக்கு வாத்தியார் வாங் ஃபெய் ஹுங் என்ற பேர்போன ஆசான். ஐந்தாமவனுக்கு அடைக்கலம் கொடுத்துச் சாகும் வேட்டைக்காரனாக இயக்குநரே நடித்திருக்கிறார். இவ்வளவையும் படித்துச் சொன்னேன். வாத்தியார் வரிசையை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவருக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. அது அவரோடு நிற்கிறது. என் தம்பிக்குப் பெங்களூரில் வேலை.

மடத்தில் மரத்தால் செய்த ஓநாய்களை வைத்துப் பயிற்சி நடக்கும். ஓநாயைக் கொல்லக் கூடாது, பல்லை மட்டும் தட்டிவிட வேண்டும் என்பது துறவிகள் நியாயம். இறுதிச் சண்டையில், சவப்பெட்டிகளை அடுக்கிவைத்த சத்திரத்தில், மனிதர்களின் பல்லையும் அப்படியே பிடுங்குகிறார்கள். வங்காளப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லாமை என்பதற்கு இப்படி ஒரு பொருள் எந்த நூலிலும் இருக்காது.

“ஆறாவது பிள்ளை?”

தூங்குங்கள் அப்பா.

மே 15

காய்ச்சல் 101. படம் இல்லை.

மே 16

காய்ச்சல் விட்டது.

நாளை ஊரில் படுகளம். துரியோதனனை மண்ணில் படுக்க வைப்பது எங்கள் பங்காளிகள் வேலை. முப்பதடி நீளம். இத்தனை ஆண்டுகளாகச் சித்தப்பா தலையைப் பிடிப்பார், அப்பா காலைப் பிடிப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்கார்ந்து மண் குழைப்பார்கள். நடுவில் முப்பதடி. ஒரு வார்த்தை இருக்காது. மார்பும் வயிறும் பையன்கள் செய்வார்கள். வலது தொடைக்குள் குங்குமத் தண்ணீர்ப் பானையைப் புதைப்பதற்கு மட்டும் இருவரும் எழுந்து நடுவுக்கு வருவார்கள். அப்போதும் பையன்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள்: “அவரைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்.” பீமன் வேடக்காரர் அந்த இடத்தைச் சரியாக அடிக்க வேண்டும், பாஞ்சாலி அதிலிருந்து எடுத்துக் கூந்தலை முடிய வேண்டும். அதில் மட்டும் பகை கிடையாது.

காலையிலிருந்து அப்பா தன் கால்களையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

மே 17

அம்மா படம் அனுப்பினாள். மஞ்சள் முகம், கொடுவாள் மீசை, எலுமிச்சைக் கண். வழக்கம் போல அழகு. தலையைத் தள்ளிவிட்டு அப்பா கீழே போகச் சொன்னார். இன்னும் கீழே. பெரிதாக்கச் சொன்னார்.

பாதங்கள் இரண்டும் பலாக்காய் மாதிரி இருந்தன. விரலுக்கு இடைவெளி இல்லை. குதிகால் என்று ஒன்றே இல்லை. காலுக்கும் சித்தப்பாவே வந்திருக்கிறார், பையன்களிடம் விடவில்லை என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். ஒரு பக்க வாயால்தான். ஆனாலும் சத்தமாக. இருமல் வந்து சிஸ்டர் ஓடிவரும் வரைக்கும். “இந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் எப்படி நிற்பான்” என்று இரண்டு முறை சொன்னார். படுத்திருப்பவன் எதற்கு நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மே 18

வங்காளக் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. பையன் கதவருகே நின்று, கையில் இல்லாத கம்பைச் சுழற்றிக் காட்டிவிட்டுப் போனான்.

இரவு சொல்லிவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த நடிகர் படம் முடிவதற்குள் இறந்துவிட்டார், அதனால்தான் ஆறாமவன் வரவில்லை அப்பா.

கேட்டுக்கொண்டார். வெகு நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “அது நடிகன். நான் பிள்ளையைக் கேட்கிறேன். பைத்தியத்தோடு வீட்டில் இருந்தானே, அவனுக்கு யார் சோறு போட்டார்கள்?”

மே 20

பஸ்ஸில் யாரிடமோ கொடுத்தனுப்பி ஊரிலிருந்து ஒரு தூக்கு வந்தது. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். அம்மா போனை எடுக்கவில்லை. தூக்கின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. சித்தியின் பெயர், கல்யாணத் தேதியோடு.

அப்பா நான்கு உருண்டை சாப்பிட்டார். விளிம்பு அவர் பக்கம்தான் இருந்தது. கண்ணாடி அணிந்திருந்தார்.

மே 21

பத்து மணிக்கு ஸ்கேன். தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கத்திரிக்காய் அழுகிவிட்டது.