மியாஸ் என்ற ஒரு சொல்

மலேசியத் தீபகற்பத்திலிருந்து போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்துக்கு ஆசிரியராக மாற்றலாகி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே திரும்பிப் போகும் நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். நானும் எண்ணினேன். எனக்குக் கிடைத்த ஊர் சிமுஞ்சான். தலைநகர் கூச்சிங்கிலிருந்து வரும்போது வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். வாடகை வீட்டின் பின்னால் பழுப்பு நிறத்தில் ஆறு. ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று தேடியபோதுதான் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே வந்து தங்கியிருந்தார் என்று அறிந்தேன். 1855 மார்ச்சில் வந்தவர் ஏறக்குறைய ஒன்பது மாதம் இருந்திருக்கிறார். போர்னியோவில் அவர் சேர்த்த சுமார் 2,000 வகை வண்டுகளில் நூறைத் தவிர மற்ற எல்லாமே இந்த ஊரில், ஒரு சதுர மைலுக்குச் சற்று அதிகமான இடத்தில் கிடைத்தவை. அன்றிரவே எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வாலஸை இங்கே வரவழைத்தவர் சரவாக்கின் ராஜா, ஜேம்ஸ் புரூக். ஆங்கிலேயர்தான், ஆனால் 1841 முதல் இந்த நாட்டை ஆண்டவர், அவரோடு சேர்த்து அவர் குடும்பமே மூன்று தலைமுறை ஆண்டது. ராஜாவுக்கும் வாலஸுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையும், அந்த நாள்களில் வாலஸ் வீட்டுக்கு எழுதியவற்றையும், அச்சில் வந்த சுருக்கங்களாக இல்லாமல் அவரவர் கையெழுத்திலேயே படித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எட்டு மாதம் ஆனது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கல், கடிதங்கள் ஓரிடத்தில் இல்லை. வாலஸ் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 5,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. லண்டனில் மட்டும் பிரிட்டிஷ் நூலகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், லின்னியன் சங்கம் என்று பிரிந்து கிடக்கின்றன. வாலஸ் கடிதத் திட்டம் 2010-இல் தொடங்கி இவற்றையெல்லாம் ஒரு பட்டியலுக்குள் கொண்டு வந்தது. பலவற்றின் படியெடுப்பை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதனால் வீட்டை விட்டு நகராமலே வேலையைத் தொடங்க முடிந்தது. சில பக்கங்களுக்குத் தெளிவான படம் தேவைப்பட்டபோது ஒரு சேமிப்பகத்துக்கு எழுதினேன். கடிதத்தின் தேதியை மட்டும் குறிப்பிட்டிருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. தொகுதி எண்ணும் தாள் எண்ணும் வேண்டுமாம். எண்களைத் தேடிப் பிடித்து மறுபடி எழுதிப் பணமும் கட்டினேன். ஐந்து வாரம் கழித்துப் படம் வந்தது, தாளின் முன்பக்கம் மட்டும். பின்பக்கத்துக்கு இன்னும் மூன்று வாரம். இப்படி எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் மின்னஞ்சலிலேயே தொகுதி எண், தாள் எண், ‘இரு பக்கமும்’ ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள்.

படம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. வாலஸின் கையெழுத்து மோசமில்லை. என்றாலும் முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதினொரு வரிதான் தேறியது. கடல் கடந்து போகும் அஞ்சலுக்கு எடையைப் பொறுத்துக் காசு என்பதால் தாள் மெல்லியது. பின்பக்கத்து மை முன்பக்கத்தில் ஊறித் தெரியும். அந்தக் காலத்து ஆங்கிலக் கையெழுத்தில் இரட்டை ‘எஸ்’ வரும் இடங்களில் முதல் எஸ் கீழே இறங்கி ‘எஃப்’ போல நீண்டுவிடுவதும் உண்டு. அடிக்கடி வரும் சொற்களைப் பாதி எழுதி, கடைசி எழுத்தை மட்டும் மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். சிறு வயதில் என் தாத்தா ஓர் ஏட்டுச் சுவடியைக் காட்டி, “இதில் புள்ளி இருக்காது, எது மெய் எது உயிர்மெய் என்று நீதான் கண்டுகொள்ள வேண்டும்” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஏடு படிக்கிறவர்கள் செய்வதையே நானும் செய்தேன். உறுதியாகத் தெரிந்த சொற்களை முதலில் பிடித்தேன்: சரவாக், சிங்கப்பூர், அம்மா, ராஜா. அவற்றிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டினேன். இரண்டு வாரத்தில் வாலஸின் முழு அரிச்சுவடியும் என் மேசையில் இருந்தது. பிறகு ஒரு மாலைக்கு ஒரு பக்கம் ஓடியது.

ராஜாவின் எழுத்து வேறு வகை. சாய்ந்து விரையும் கை. சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெளிவாக இருக்கும், நடுவில் அலை. வாலஸின் அரிச்சுவடி அங்கே உதவவில்லை, புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

இருவரும் எப்படி அறிமுகமானார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமேசான் பகுதியில் நான்கு ஆண்டு இருந்துவிட்டுச் சேகரிப்புகளோடு வாலஸ் திரும்பிக்கொண்டிருந்த ‘ஹெலன்’ என்ற கப்பல் 1852 ஆகஸ்ட் 6 அன்று நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்தது. அவர் கையில் தப்பியது ஒரு சிறிய தகரப்பெட்டி. அதில் பனை மரங்களின் படங்களும், ரியோ நெக்ரோ ஆற்று மீன்களைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைந்த படங்களும் இருந்தன. மீன் படங்கள் மட்டும் இருநூறுக்கு மேல். செதில் வரிசையும் துடுப்பு முள்ளும்கூட விடாமல் போட்டிருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளெல்லாம் கடலோடு போன ஒரு மனிதர், ஊர் திரும்பி ஓராண்டு ஆவதற்குள் அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிறார். அப்போது இங்கிலாந்தில் இருந்த ராஜாவிடமிருந்து, 1853 ஏப்ரலில், லண்டன் ஹைட் பார்க்கின் ரேஞ்சர்ஸ் லாட்ஜ் முகவரியிட்டு, சரவாக்குக்கு வந்தால் மகிழ்வேன் என்று கடிதம் வருகிறது. மறு ஆண்டு சிங்கப்பூரில் நேரில் சந்தித்த பிறகு, ராஜா மிக அன்பாக வரவேற்றார், எல்லா உதவியும் செய்வதாகச் சொன்னார் என்று வாலஸ் தன் தாயாருக்கு எழுதுகிறார். மலாய் மொழி எளிதாக இருக்கிறது, பேசிப் பழக்கம்தான் இல்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. நான் சரவாக்குக்கு வந்து அம்மாவுக்கு முதலில் தொலைபேசியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். எனக்கு மலாய் அல்ல, இங்குள்ள பழங்குடி மக்களின் மொழியான இபான்.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். சிமுஞ்சானிலிருந்து எழுதிய கடிதத்தின் தலைப்பிலேயே நிலக்கரிச் சுரங்கம் என்று இருந்தது. அப்போது இங்கே சுரங்க வேலை தொடங்கியிருந்தது. அதனால் கடிதத்துக்குள் எம், ஐ என்று தொடங்கி எஸ்ஸில் முடியும் ஒரு சிறு சொல் வந்தபோதெல்லாம் ‘மைன்ஸ்’, அதாவது சுரங்கங்கள், என்று எழுதிக்கொண்டே போனேன். நடுவில் இருந்த ‘ஏ’ எழுத்தின் தலை மூடாமல் இருந்ததால் அது ‘என்’ போலவே தெரிந்தது. நான்கு பக்கம் இப்படிப் போன பிறகு, சுட்டது பற்றியும் தோலை உரித்தது பற்றியும் வந்த வரிகளில் வந்து முட்டிக்கொண்டேன். சுரங்கத்தை யார் சுடுவார்கள்? இரண்டு நாள் அந்த வரியை விட்டு நகர முடியவில்லை.

மூன்றாம் நாள் பெரிதாக்கி அச்செடுத்த தாளைப் பள்ளி மேசையில் வைத்திருந்தேன். பயிற்சி நோட்டைக் கொடுக்க வந்த ஓர் இபான் மாணவன் தாளைத் தலைகீழாகவே பார்த்தான். ஆசிரியரை இங்கே ‘சிக்கு’ என்றுதான் அழைப்பார்கள்.

“சிக்கு, இது மாயாஸ்தானே?”

“அப்படியென்றால்?”

“ஓராங் ஊத்தான், சிக்கு. எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்வார்கள்.”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். எம், ஐ, ஏ, எஸ். வாலஸ் இங்கிருந்த டயாக் பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதிய சொல் ‘மியாஸ்’. அந்தப் பையனின் வீட்டில் அது இன்னும் புழங்குகிறது. அன்று மாலை முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒவ்வொரு ‘சுரங்க’த்தையும் மறுபடி பார்த்தேன். சில இடங்களில் உண்மையிலேயே சுரங்கம். மற்ற இடங்களிலெல்லாம் மியாஸ். மண்ணைத் தோண்டும் கதையாக நான் படித்துக்கொண்டிருந்தது மரத்தின் மேல் வாழும் ஒரு மனிதக் குரங்கின் கதையாக மாறிவிட்டது.

ராஜாவும் வாலஸும் பேசிக்கொண்டதில் பெரும் பங்கு இந்த மியாஸுக்குத்தான். ராஜா இந்த விஷயத்தில் வாலஸுக்கு மூத்தவர் என்றே சொல்ல வேண்டும். 1841-லேயே லண்டன் விலங்கியல் சங்கத்துக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உயிருள்ள ஐந்து ஓராங் ஊத்தான்களைக் கப்பலில் அனுப்பும் செய்தியோடு, கன்னத்தில் அகன்ற தசைப் பட்டை உடைய மியாஸ் பப்பான், பட்டை இல்லாத மியாஸ் ரம்பி, உருவில் சிறிய மியாஸ் காசார் என்று ஊர்மக்கள் பிரித்துச் சொல்வதை எடுத்துக்காட்டி, இவை வேறு வேறு இனங்கள் என்று வாதிடுகிறார். வாலஸ் அளவுநாடாவோடு வந்தவர். அப்போதுதான் இறந்த பதினேழு உடல்களை அளந்தார். பெரிய ஆண்களின் உயரம் 4 அடி 1 அங்குலத்திலிருந்து 4 அடி 2 அங்குலம் வரைதான். கையை விரித்தால் 7 அடி 2 அங்குலத்திலிருந்து 7 அடி 8 அங்குலம் வரை. ஐந்தடி, ஆறடி என்று உலவிய கதைகளெல்லாம் இந்த அளவுக்கு முன் நிற்கவில்லை. இன்று போர்னியோவில் இருப்பது ஒரே இனம், மூன்று துணையினங்கள் என்று கொள்கிறார்கள். வளர்ந்த ஆண்களில் சிலவற்றுக்குக் கன்னப் பட்டை பல ஆண்டுகள் வளராமலே இருக்கும் என்பதும் இப்போது தெரியும். ராஜாவும் ஊர்மக்களும் ரம்பி என்று சொன்னது அப்படிப்பட்ட ஆண்களாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். காட்டில் பார்த்தவர்கள் பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கருத்து வேறுபாடு நட்பைக் குலைக்கவில்லை. 1855 கிறிஸ்துமஸை வாலஸ் ராஜாவின் விருந்தினராகக் கழித்தார். பெனின்ஜாவ் மலை மேல் ராஜாவுக்கு இருந்த சிறு வீட்டில் இருபத்தாறு இரவு விளக்கேற்றி வைத்து 1,386 அந்துப்பூச்சிகள் பிடித்ததும் அவர் தயவில்தான். போர்னியோவின் கறுப்பும் பச்சையுமான சிறகுடைய வண்ணத்துப்பூச்சிக்கு ராஜாவின் பெயரை வைத்தவரும் வாலஸ்தான். இன்று நம் மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி அது.

பதினேழு உடல் என்று எழுதுவது எளிது. அவற்றில் ஒன்றைப் படியெடுத்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தாயைச் சுட்டு வீழ்த்திய இடத்தில், சேற்றில் முகம் புதைந்து ஒரு குட்டி கிடந்தது. ஓரடி நீளம், பல்கூட முளைக்கவில்லை. அதை வாலஸ் வீட்டுக்குக் கொண்டு வந்தார். பால் கிடைக்காத ஊர். புட்டியின் தக்கையில் இறகுக் குழல் செருகிக் கஞ்சித் தண்ணீர் புகட்டினார். தொட்டில் செய்தார், குளிப்பாட்டினார், தலை வாரினார். பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று அது ஏங்குவதைக் கண்டு எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொய்த் தாயைச் செய்து தொங்கவிட்டார். அது அதில் பால் குடிக்கப் பார்த்து, வாய் நிறைய மயிரை இழுத்துக்கொண்டு திணறியதால் அதையும் கழற்ற வேண்டியதாயிற்று. மூன்று மாதம் ஆவதற்குள் காய்ச்சலில் அது இறந்தது. 14 அங்குல உயரம், மூன்று பவுண்டு ஒன்பது அவுன்ஸ் எடை. மரத்திலிருந்து விழுந்தபோது அதன் ஒரு கையும் ஒரு காலும் முறிந்து தானாகவே கூடியிருந்ததை அதன் பிறகுதான் கண்டார். தாயைக் கொன்றவரும் கஞ்சி புகட்டியவரும் ஒரே ஆள். இரண்டையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்தக் குட்டியைப் பற்றி வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், மனிதக் குழந்தையைத் தத்தெடுத்தது போல வேடிக்கையாகத் தொடங்குகிறார். அங்கே கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் வருகிறது. அதைக் கண்டதும் எனக்கு உடம்பு கூசியது. மென்மையாக மாற்றலாமா என்று ஓரிரவு யோசித்தேன். மாற்றவில்லை. படியெடுப்பவர் வேலை இருப்பதை எழுதுவது. பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு மட்டும் போட்டேன்.

எட்டாம் மாதம், என் படியெடுப்பை வரி வரியாக மற்றொருவர் சரிபார்த்துத் திருப்பி அனுப்பினார். பத்தொன்பது திருத்தங்கள். பெரும்பாலும் நிறுத்தக்குறிகள், இரண்டு மட்டும் நான் ஊகித்து எழுதியவை. ஊகித்த இடத்தில் சதுர அடைப்புக்குறி போட வேண்டும் என்ற விதியை அந்த இரண்டு இடத்திலும் மீறியிருந்தேன். திருத்தி அனுப்பினேன். ‘மியாஸ்’ வந்த எந்த இடத்திலும் சிவப்புக் கோடு இல்லை.

சென்ற வாரம் அந்த மாணவனின் பாட்டியைப் பார்க்க பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் அவர்களுடைய நீண்ட வீட்டுக்குப் போனேன். கடிதத்தின் படத்தைக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. பேரன்தான் சொல்லின் மேல் விரலை வைத்து வாசித்துக் காட்டினான். அவர் தலையாட்டி, தன் சிறு வயதில் ஆற்றின் மறுகரையில் ஒரு பழ மரத்தில் மாயாஸ் கூடு கட்டியிருந்ததைச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். அங்கே இப்போது செம்பனை நிற்கிறது.