ரெட்டைப் பக்க நோட்டு

கோபிசெட்டிபாளையத்தில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு வரலாற்று ஐயாவின் ரெட்டைப் பக்க நோட்டு மறந்திருக்காது. முழுப்பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் மீந்த தாள்களைச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்துக் கொண்டுவரச் சொல்வார். விரித்தால் இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நாம் நினைத்தது. "ரெண்டையும் கலக்காதே கண்ணு. தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி உட்டாங்கன்னா இந்தப் பக்கம். இந்த வருசம் நெல்லு நல்லா வரும்னா, அது அந்தப் பக்கம்" என்பார்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி அவர் பேசினால் மணி அடிப்பதே கேட்காது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதியது. கப்பல் வரவும் இருக்கும், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயோடு நடந்த பேச்சும் இருக்கும். தேதி போட்டு எழுதியதால்தான் அது சரித்திரத்துக்கு உதவுகிறது என்பது ஐயாவின் கட்சி.

தன் கருத்துக்கு ஒவ்வாத செய்தி கண்ணில் பட்டால் டார்வின் உடனே குறித்துக்கொள்வாராம். சாதகமானதைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகும் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஐயா எங்களுக்குப் பழக்கியதும் இதைத்தான்.

சிங்கப்பூர் வந்த பிறகும் நான் விடவில்லை. அப்பா காலமானதும் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்வதா என்று மனசு கிடந்து உழன்றது. ஒவ்வொரு முறை போனில் பேசிய பிறகும் எழுதினேன். ஒருநாள் மொத்தமாகப் புரட்டிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் அம்மா சொன்னவை: எருமை ஈன்றிருக்கிறது, தென்னைக்குத் தண்ணி கட்ட ஆள் வரவில்லை, பெரியம்மா வந்து தங்கிப் போனார். வலப்பக்கம் முழுக்க 'அம்மா தனியாகக் கிடக்கிறார்' என்றே இருந்தது. அம்மா அப்படி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தத் தனிமை என்னுடையது.

அப்புறம் நேராகவே கேட்டுவிட்டேன். "இங்க வந்துடறீங்களாம்மா?"

"எருமைய யாரு பாக்கறது சாமி? பட்டிப்பொங்கலுக்கு நீ வா."

சரி, இப்போது தை மாதத்துக்குத்தான் விடுப்பைச் சேர்த்து வைக்கிறேன்.

தினமும் எழுதியாக வேண்டும் என்பதில்லை. மனசு ஒன்றையே சுற்றிச் சுற்றி வரும்போது எழுதினால் போதும். ஆனால் சில நாள் ஆறப்போட்டுத் திரும்பப் படிக்க வேண்டும், பலன் அங்கேதான் இருக்கிறது. கணினியிலும் எழுதிப் பார்த்தேன், எனக்குக் கையெழுத்தில்தான் நிதானம் வருகிறது.

நம் பழைய மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். ரெட்டைப் பக்கத்தை உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப்போகிறேன்.