டன்னேஜ் சான்றிதழ்: ‘நீளம்’ கட்டத்தில் எந்த நீளம்?

கப்பலின் உள்கொள்ளளவைக் கொண்டு அதன் பருமனைச் சொல்லும் டன்னேஜ் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கோப்பு திரும்பி வந்த காரணத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கப்பலின் மொத்த நீளம் 27.40 மீட்டர், செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட நீளம் (நீர்க்கோட்டில் முன்முனையிலிருந்து சுக்கான் தண்டு வரை) 23.70. கோப்பைப் பார்த்த அலுவலர் இரண்டாவது எண்ணை எடுத்துக்கொண்டு, ‘24 மீட்டருக்குக் குறைவு, 1969 டன்னேஜ் உடன்படிக்கை பொருந்தாது’ என்று எழுதிவிட்டார்.

உடன்படிக்கையின் நீளம் இவை இரண்டுமே அல்ல. மோல்டட் ஆழம் (கீல் என்னும் அடித்தண்டிலிருந்து மேல்தளம் வரையிலான உயரம்) எங்கே மிகக் குறைவோ, அந்த ஆழத்தின் 85 சதவீத உயரத்தில் ஒரு நீர்க்கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் முழு நீளத்தில் 96 சதவீதம் ஓர் அளவு. அதே கோட்டில் முன்தண்டின் (கப்பலின் முன்முனைத் தண்டு) முன்முகத்திலிருந்து சுக்கான் தண்டின் அச்சு வரை இன்னோர் அளவு. எது பெரியதோ அதுதான் நீளம். இந்தக் கப்பலின் ஆழம் 3.20, ஆகவே கோடு 2.72-இல். அங்கே முழு நீளம் 25.60, அதன் 96 சதவீதம் 24.58. சுக்கான் தண்டு வரை 24.30. எனவே 24.58, உடன்படிக்கை பொருந்தும். அந்த 23.70 எடுக்கப்பட்டது 2 மீட்டர் டிராஃப்டில், அதாவது கப்பல் நீரில் 2 மீட்டர் அமிழ்ந்திருக்கும் நிலையில். முன்தண்டு சாய்ந்திருப்பதால் கோடு மேலேறும்போது நீளமும் கூடும். 2.72 கோட்டைத் தனித்தாளில் வரைந்து இணைத்ததும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். முதல் நாளே அந்தத் தாளை வைத்துவிடுங்கள்.

சர்வேயர் ஒருமுறை வந்து வெறுமனே திரும்பியதற்குக் காரணம் கப்பல் கட்டிய யார்டின் வரைபடம். ஆழத்தை நடுக்கோட்டில், தள வளைவின் உச்சி வரை எடுத்து 3.33 என்று போட்டிருந்தார்கள். கீலின் மேல்பக்கத்திலிருந்து, கப்பலின் பக்கவாட்டில் மேல்தளத்தின் அடிப்பக்கம் வரை அளப்பதே மோல்டட் ஆழம். 3.33 என்று வைத்தால் நீர்க்கோடு 11 சென்டிமீட்டர் ஏறி, நீளக் கணக்கு முழுவதும் பிசகும்.

அகலத்தில் சிக்கல் இல்லை. உலோக உடலுக்கு, தகட்டின் உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டகத்தின் வெளிவிளிம்பு (மோல்டட் கோடு) வரை, மரம், ஃபைபர் உடலுக்கு வெளிப்புறம் வரை. டிராஃப்ட் குறிகள் கீலின் அடியிலிருந்து எண்ணப்படுபவை. மோல்டட் டிராஃப்டோடு கீல் தகட்டின் தடிப்பு அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

கிராஸ் டன்னேஜுக்குப் பக்கத்தில் ‘டன்’ என்று எழுதாதீர்கள். அது எடை அல்ல, அலகே இல்லாத எண். மூடிய இடங்களின் மொத்தக் கொள்ளளவு 400 கன மீட்டர் என்றால் அதைப் பெருக்க வேண்டிய குணகம் 0.252, பெருக்கினால் 100.8, தசமத்தை விட்டால் கிராஸ் டன்னேஜ் 100.

கீல் சரிவாக அமைந்த கப்பலானால் இன்னும் கவனம் தேவை. 85 சதவீதக் கோட்டை வடிவமைப்பு நீர்க்கோட்டுக்கு இணையாகப் போட வேண்டும், கீலுக்கு இணையாக அல்ல.